செடிக்காரி விடைபெறுகிறாள்

ஜனவரி 8, திங்கள்

எங்கள் உக்ரேனியக் கிறிஸ்துமஸ் நேற்றோடு முடிந்தது. கோதுமைப் பாயசம் இன்னும் அரைச் சட்டி மிச்சம். ஒற்றை ஆளுக்கு எதற்கு இவ்வளவு கிண்டினாய் என்று கேட்க வீட்டில் யாரும் இல்லாததால் நானே கேட்டுக்கொண்டேன்.

பனி அள்ளும் வண்டி வந்து தெருவைச் சுத்தம் செய்து, அள்ளியதை எல்லாம் என் வாசலில் கொட்டிவிட்டுப் போயிற்று. நான் அதை அள்ளிக்கொண்டிருக்கும்போது போன். நகர நூலகத்தின் ஆவணப் பிரிவிலிருந்து கொரினா ஃப்ரீஸன் என்று ஒரு பெண். பழைய மக்கள் சேனலில் நிகழ்ச்சி நடத்தியவர்களைத் தேடுகிறார்களாம்.

"கேபிள் கம்பெனி கை மாறினப்போ டேப் அத்தனையும் குப்பைக்குப் போயிடுச்சும்மா. உங்ககிட்ட ஏதாவது மிச்சம் இருக்குமா?"

நாலைந்து இருக்கும் என்று ரொம்ப சாதாரணமாகச் சொன்னேன். பொய். நிலவறையில், பீட்ரூட் ஊறுகாய் ஜாடிகளுக்குக் கீழே, பதினான்கு கேசட்டுகள் இந்த போனுக்காக நாற்பது வருஷத்துக்கு மேலாகக் காத்துக்கிடக்கின்றன. "ஏன் இவ்வளவு லேட்?" என்று நான் கேட்காதது என் பெருந்தன்மை.

வின்னிபெக்கில் கேபிள் நடத்த வேண்டுமென்றால் ஊர் ஜனத்துக்கு ஒரு சேனலை விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்று இருந்த காலம் அது. யார் வேண்டுமானாலும் போய் கேமரா முன் உட்காரலாம், எதை வேண்டுமானாலும் பேசலாம், யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. என்னையே திருப்பி அனுப்பவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 'செடிகளோடு ஸ்டெஃபா', வியாழன் இரவு ஏழரை. ஆறு மாதம் பனியில் கிடக்கும் ஊருக்குத் தொட்டிச்செடி வளர்க்கச் சொல்லிக்கொடுத்தேன்.

ஜனவரி 11, வியாழன்

ஸ்லாவ்கோவின் காரில் கேசட்டுகளை எடுத்துப் போனேன். அந்த நாளில் எனக்கு கேமராமேன், அப்போது புருஷனும்கூட. விவாகரத்தில் அவர் காரை எடுத்துக்கொண்டார், நான் கேசட்டுகளை. எதிராளியை ஏமாற்றிவிட்டதாக இரண்டு பேருமே நினைத்தோம். இன்று ரயில் பாலம் தாண்டும் வரை சண்டை வரவில்லை. எங்கள் கணக்கில் அது நீண்ட அமைதி.

கொரினாவுக்கு நாற்பத்தைந்து இருக்கும். ஒரு கேசட்டைத் திறந்து மூக்கருகே வைத்து, மீன் வாங்குகிறவளைப் போல் முகர்ந்தாள். "ஈரம் ஏறி பிசுபிசுனு ஆயிடுச்சு. இப்படியே ஓட்டினா மெஷின்ல ஒட்டிக்கிட்டு உரிஞ்சு வந்துடும். இளஞ்சூட்டுல ரெண்டு நாள் உலர்த்தணும். அதுக்கப்புறம் ஒரு தடவை ஓடும், மறுபடி ஓடுமான்னு சொல்ல முடியாது." பழம் உலர்த்தும் பெட்டிதான் இதற்கெல்லாம் வழக்கமாம். அவர்களுடையது போன வாரம் புகைந்துவிட்டது.

என்னிடம் காளான் உலர்த்தும் பெட்டி இருக்கிறது என்றேன்.

"முதல்ல அதைக் கழுவுங்க. இவ கழுவியிருக்க மாட்டா" என்றார் ஸ்லாவ்கோ.

கழுவவில்லைதான். அது இவருக்கு எப்படித் தெரியும்?

ஜனவரி 12, வெள்ளி

என் நிகழ்ச்சியை நானே இதுவரை பார்த்ததில்லை. நேரடி ஒளிபரப்பு. அந்த கேசட்டைப் போட்டுப் பார்க்க வீட்டில் மெஷின் கிடையாது. அது நன்றாக இருந்தது என்பது இத்தனை வருஷமாக நான் சொல்லிச் சொல்லி எனக்கே கிடைத்த தகவல்.

ஜனவரி 16, செவ்வாய்

பார்த்தேன்.

என் தலைமுடி ஃப்ரேமுக்குள் அடங்கவில்லை. மூக்குக்கண்ணாடி பாதி முகத்தை மறைத்தது, அதுவும் நல்லதற்குத்தான். மேஜை மேல் ஒரு பெரணிச்செடி. ஸ்டுடியோ விளக்கின் சூட்டில் அது நிகழ்ச்சி முடிவதற்குள் வாடிச் சாய்வது நன்றாகத் தெரிகிறது. அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "பெரணி முரட்டுச் செடி, எதையும் தாங்கும்" என்கிறேன்.

போன் ஒன்று இருக்கிறது. நேயர்கள் கூப்பிடுவதற்காக. யாரும் கூப்பிடவில்லை. நான் சும்மா இருந்தேனா? ரிசீவரை எடுத்து, "ஒரு நிமிஷம், லைன்லயே இருங்க" என்று சொல்லி வைக்கிறேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. கொரினா உதட்டைக் கடித்துக்கொண்டாள். காளான் வாசனை வேறு அறை முழுக்க.

அரை மணி நேர நிகழ்ச்சி. பத்தொன்பதாவது நிமிடத்தில் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய், விடைபெற்று எழுந்து போய்விட்டேன். அப்போதெல்லாம் மீதி நேரத்துக்குச் சேனலில் மீன் தொட்டியைக் காட்டுவார்கள். என்னைவிட அதற்கு நேயர்கள் அதிகம் என்று ஸ்லாவ்கோ சொல்வார்.

கொரினா நிறுத்தப் போனாள். அதற்குள் படம் கிழிந்து, ஒரு சுற்று உருண்டு, வேறொரு பெண் வந்தார். கட்டம் போட்ட ஸ்கார்ஃப், கையில் காகிதங்கள். நேராக என்னைப் பார்த்துப் பேசினார், எனக்குப் புரியாத மொழியில். கொரினா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

"இது கிரீ மொழி. ஸ்டெஃபாம்மா, இது யாருன்னு தெரியுமா?"

தெரியும். எனக்கு முந்தைய அரை மணி நேரம் அவருடையது. எடித் மஸ்வேகன். ஏழரைக்கு நான் செடியோடு உள்ளே போகும்போது அவர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வருவார். கதவைப் பிடித்துக்கொள்வார். மூன்று வருஷத்தில் எங்களுக்குள் அவ்வளவுதான் பழக்கம்.

என் முடி ரொம்ப மோசமா என்று கொரினாவிடம் கேட்டேன். காதில் விழவில்லை.

ஜனவரி 17, புதன்

ஸ்லாவ்கோவுக்கு போன் போட்டேன். எப்படி என் டேப்பில் அவர்?

"இதுல என்ன அதிசயம்? டேப் விக்கிற விலையில ஆளுக்கொரு புதுசா கொடுப்பாங்க? ஒளிபரப்பு முடிஞ்சா அது காத்தோட போச்சு, டேப்ப எதுக்கு வச்சுக்கணும்னு எல்லாரும் அலமாரி மேல வச்சுட்டுப் போயிடுவாங்க. அடுத்து வர்றவங்க மேல இருக்கிறத எடுத்து சொருகுவாங்க. அழிக்கிற காந்தம் ஒண்ணு இருந்துச்சு, அது முதல் குளிர்லயே எரிஞ்சுபோச்சு. அதனால பழசு மேலயே பதியறதுதான்."

எடித் முடித்துவிட்டு அலமாரி மேல் வைப்பார். அடுத்து வருகிறவள் நான். வாரா வாரம்.

"அப்போ அவங்க நிகழ்ச்சியை எல்லாம் அழிச்சது நானா?"

"நீ முழுசா எங்க அழிச்ச? நீ எழுந்து போனதும் நான் பதிவ நிறுத்திடுவேன், பழசுல மிச்சம் அப்படியே இருக்கும். உனக்குத்தான் இருபது நிமிஷத்துக்கு மேல பேச்சே வராதே."

போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் தோன்றியது, அவர் சொன்னது சரி.

ஜனவரி 23, செவ்வாய்

எடித்தின் மகளைக் கொரினா கண்டுபிடித்துவிட்டாள். ராபர்ட்டா, சிறுநீரக வார்டில் நர்ஸ், அறுபதை நெருங்குகிறவர். வேலை முடிந்து சீருடையோடு வந்தார். அம்மாவின் நிகழ்ச்சியைத் தேடிப் பத்து வருஷமாக ஏறாத படி இல்லையாம். கம்பெனி, பல்கலைக்கழகம், பழைய ஊழியர்கள் வீடு. ஒரு நிமிடம்கூட எங்கும் இல்லை.

எடித் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். நார்வே ஹவுஸ், கிராஸ் லேக் என்று வடக்கே உள்ள கிரீ பழங்குடி ஊர்களிலிருந்து நோயாளிகளை விமானத்தில் கொண்டுவந்து இங்கே ஆஸ்பத்திரிகளில் போடுவார்கள். மாதக்கணக்கில் கிடப்பார்கள், பக்கத்துக் கட்டிலில் என்ன பேசுகிறார்கள் என்றுகூடப் புரியாமல். வியாழன் ஏழு மணிக்கு எல்லா வார்டிலும் டிவி முன் வந்து உட்காருவார்களாம். யார் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், யாருக்கு ஊரிலிருந்து என்ன சேதி, யார் யாரை விசாரித்தார்கள் என்று எடித் வாசிப்பார். நடக்க முடிந்த நோயாளிகளை ஸ்டுடியோவுக்கே கூட்டிவந்து பேச வைப்பார்.

இத்தனை நடந்திருக்கிறது. நான் வெளியே பெரணிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கொரினா டேப்பிலிருந்து எடுத்த பிரதியைப் போட்டாள். ராபர்ட்டா அழுவார் என்று கைக்குட்டையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. என்னைப் பார்த்தார், மறுபடி சிரித்தார். என்னவென்று கேட்டால் சொல்லவில்லை.

பிறகு கேட்டார், "ஏன் கடைசி பதினோரு நிமிஷம் மட்டும் இருக்கு?"

கொரினா தரையைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். அலமாரி, மேலே இருந்த டேப், எல்லாம்.

"அப்போ அம்மாவோட மிச்சத்த எல்லாம் உங்க செடிதான் தின்னுச்சா?"

"ஆமா."

ராபர்ட்டா திரையை இன்னொரு தடவை பார்த்தார். "சீக்கிரம் முடிச்சீங்களே, அதுவே பெரிசு" என்றார்.

ஜனவரி 24, புதன்

தூங்கவில்லை என்று எழுதலாம் என்று பார்த்தால், தூங்கினேன். நன்றாகவே.

ஜனவரி 30, செவ்வாய்

இரண்டாவது டேப். ஆப்பிரிக்க வயலெட் பற்றியது. பதின்மூன்றாவது நிமிடத்திலேயே கையைக் கழுவிவிட்டேன். அதனால் எடித்துக்குப் பதினேழு நிமிடம் கிடைத்தது. இப்போது இந்த அறையில் ஒரு புது நியாயம் நடக்கிறது. நான் எவ்வளவு மோசமோ அவ்வளவுக்குக் கொரினாவின் முகம் மலர்கிறது.

இதில் ஒரு கிழவர் வந்தார். ஆஸ்பத்திரி அங்கி மேல் கோட் போட்டிருந்தார். கேமராவுக்கு மிக அருகில் வந்து எதையோ திரும்பத் திரும்பக் கேட்டார். ராபர்ட்டா சொன்னார்: "பொண்டாட்டிகிட்ட கேக்கறார். நாய்க்கெல்லாம் யார் சோறு வைக்கறான்னு. ஒவ்வொரு நாயா பேர் சொல்லிக் கேக்கறார்."

பிறகு, தானே மனம் இரங்கி, போன வாரச் சிரிப்பின் காரணத்தையும் சொன்னார். முதல் டேப்பில் எடித் விடைபெறும்போது நேயர்களிடம் சொன்னது இது: "அடுத்து செடிக்காரி வர்றா. யாரும் டிவிய அணைக்காதீங்க. எப்படியும் சீக்கிரம் போயிடுவா, அப்புறம் மீன் பாக்கலாம்."

நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து ஒரு விமர்சனம். எனக்கு வந்த ஒரே விமர்சனமும் அதுதான்.

மார்ச் இரண்டாம் தேதி நூலக அரங்கில் திரையிடல். அழைப்பிதழில் என் பெயரும் உண்டு. கள்ளிச்செடி ஸ்பெஷலை முழுதாகப் போடப்போகிறார்கள். அது ஒன்றுதான் உருப்படியான நிகழ்ச்சி. அரை மணி நேரமும் கடைசி நொடி வரை நிரப்பினேன். நேரலையிலேயே பூ விரிந்தது. நிஜமாகவே ஆறு பேர் கூப்பிட்டார்கள். திரையிடலுக்கென்று புது கோட் வாங்கினேன், நீலம்.

பிப்ரவரி 6, செவ்வாய்

டேப்பைப் படிக்கும் மெஷின் தலை தேய்ந்துவிட்டது. படத்தில் கோடு விழுகிறது. கொரினா மூடி திறந்து காட்டினாள், எனக்கு ஒன்றும் புரியவில்லை, புரிந்த மாதிரி தலையாட்டினேன். உதிரி பாகம் உலகத்திலேயே இல்லையாம். இன்னும் இரண்டு டேப் ஓடலாம், அதிகம் போனால் மூன்று. டொரண்டோவில் வேறு மெஷின் இருக்கிறது, அதற்கு வரிசை இரண்டு மூன்று வருஷம். டேப் அதுவரை தாங்காது.

எந்தெந்த நிகழ்ச்சி சொதப்பியது என்று எனக்கு நினைவிருக்கிறது, அதில்தான் எடித் மிச்சம் இருப்பார். கள்ளிச்செடி டேப்பில் ஒரு நொடிகூட இருக்காது.

"டேப் உங்களோடது. எதைப் போடணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள் கொரினா.

ராபர்ட்டாவைப் பார்த்தேன். பானக் என்கிற அவர்கள் ஊர் ரொட்டியை என் பக்கம் தள்ளி, "உங்க இஷ்டம்" என்றார். வீட்டில் சுட்டது, இன்னும் சூடாக இருந்தது.

கள்ளிச்செடியை முதலில் போடுங்கள் என்றேன். அழைப்பிதழில் அச்சடித்தாகிவிட்டதே என்று ஒரு காரணமும் சொன்னேன். ராபர்ட்டா தலையாட்டினார். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், தலையாட்டினால் என்ன செய்ய?

ரொட்டி இரண்டு துண்டு தின்றேன். அதற்கும் வெட்கம் வரவில்லை.

பிப்ரவரி 7, புதன்

என்ன தப்பு? என் டேப். நான் தூக்கிட்டு வரலைன்னா எல்லாம் அன்னைக்கே குப்பையில போயிருக்கும். எடித்தும் போயிருப்பாங்க, கிழவரும் போயிருப்பார், அவர் நாயும் போயிருக்கும். ஒரு அரை மணி நேரம் — எழுபது வருஷத்துல ஒரே ஒரு அரை மணி நேரம் நல்லா பேசினேன், அதைப் பாக்கக்கூடாதா நான்?

சர்ச் நிலவறையில் பெரோகிக் கொழுக்கட்டை மடிக்கும்போது இதையே ஓல்யாவிடம் சொன்னேன். ஐம்பது வருஷச் சிநேகிதி, இரக்கம் என்பதே கிடையாது. மாவை ஒட்டிக்கொண்டே சொன்னாள்: "அடியே, உன் கள்ளி பூத்த கதைய இந்த மேஜையில இருக்கிற அத்தனை பேரும் மனப்பாடமா சொல்லுவோம். எத்தனாவது நிமிஷத்துல மொட்டு அசைஞ்சுது, ஆறாவதா கூப்பிட்ட பொம்பள என்ன கேட்டா, எல்லாம். இன்னும் அதை எதுக்குடி பாக்கணும்?" மேஜை முழுக்கச் சிரிப்பு. ஒருத்தி மொட்டு அசைவதை விரலால் நடித்தே காட்டினாள். சரியாகவே செய்தாள்.

ஸ்லாவ்கோவுக்கு போன் செய்தேன், ஏதாவது திட்டுவார், திருப்பித் திட்டலாம் என்று. "நான் கேமரா வழியா பாத்தேன் ஸ்டெஃபா. அன்னைக்கு நீ நல்லாத்தான் இருந்த" என்றார். என்னை ஆறுதல்படுத்தக்கூட இந்த மனுஷனுக்குச் சமயம் தெரியவில்லை.

என் கள்ளிச்செடிக்கு நான் இருக்கிறேன். ஓல்யா இருக்கிறாள், ஸ்லாவ்கோ இருக்கிறார். பெரோகி மேஜையே இருக்கிறது. மிச்ச டேப்பில் அந்தக் கிழவரைப் போல வந்தவர்கள் கேட்ட கேள்வியை யார் இருந்து சொல்வார்கள்?

பிப்ரவரி 8, வியாழன்

வெளியே மைனஸ் முப்பத்தொன்று. பஸ்ஸில் மூக்கு விறைக்கப் போய்ச் சேர்ந்தேன். கள்ளிச்செடி டேப் என் காளான் பெட்டிக்குள் வெதுவெதுப்பாகக் கிடந்தது.

"அதை எடுத்துடு" என்றேன். கொரினா ஏதோ சொல்ல வந்தாள். "நான் மனசு மாறுறதுக்குள்ள எடுத்துடும்மா. நான் அப்படிப்பட்ட ஆளுதான்."

பிறகு உட்கார்ந்து என் தோல்விகளைத் தரவாரியாகப் பிரித்தோம். எதில் அதிகம் சொதப்பினேன் என்று இவ்வளவு ஆர்வமாக யாரும் என்னைக் கேட்டதில்லை. உரத்தைப் பற்றிப் பேசும்போது தும்மல் நிற்காமல் ஓடிப்போனது ஒன்று. ரப்பர் செடி என் மேலேயே சாய்ந்தது ஒன்று. ரப்பர் செடிக்கு முதலிடம் கொடுத்தோம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

ரப்பர் செடி ஒன்பதாவது நிமிடத்திலேயே சாய்ந்துவிட்டது. அதற்கு நன்றி. எடித்துக்கு இருபத்தோரு நிமிடம். ராபர்ட்டா தன் பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார். பாட்டியின் குரலை அவர்கள் முதல்முறையாகக் கேட்டார்கள். இன்றைக்கு ராபர்ட்டா சிரிக்கவில்லை. வைத்திருந்த கைக்குட்டை எனக்குத்தான் தேவைப்பட்டது.

பிப்ரவரி 16, வெள்ளி

தும்மல் டேப்பில், எடித் வந்து நான்கு நிமிடம் ஓடியது. ஒரு பெண்ணின் பேரை வாசித்து, அவளுக்கு ஊரிலிருந்து என்ன சேதி என்று ஆரம்பிக்கும்போது கோடு விழுந்தது, படம் முழுக்கப் புள்ளிப் புள்ளியாகப் பனி கொட்டியது, மெஷின் நின்றுவிட்டது. கொரினா எல்லாம் செய்து பார்த்தாள். ராபர்ட்டா அந்தப் பேரை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு யாருன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும். எங்க வார்டுக்கு டயாலிசிஸுக்காக வாரம் மூணு நாள் வர்றாங்க. என்ன சேதினு அவங்களுக்கே ஞாபகம் இருக்கலாம், கேக்கறேன்."

கள்ளிச்செடியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜாடிகளுக்குக் கீழேயே வைத்தேன். இனி அதை யாரும் பார்க்கப்போவதில்லை. வருத்தமாக இருக்கிறது. ரொம்பவே. பெரிய மனசோடு செய்த காரியத்தில் வருத்தம் வராது என்று யாரோ சொல்லி நம்பியிருந்தேன்.

மார்ச் 2, சனி

நீலக் கோட் போட்டுக்கொண்டு போனேன். வாங்கியாகிவிட்டதே.

நூலக அரங்கில் இடம் இல்லை. வடக்கேயிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். முன்வரிசை முழுக்கச் சக்கர நாற்காலிகள். நாய்க் கிழவரின் மகள் வந்திருந்தார், அவருக்கே எண்பது இருக்கும். பெரோகிக் கூட்டம் பின்னால் இரண்டு வரிசை. ஸ்லாவ்கோ டை கட்டியிருந்தார்.

கொரினா ஒன்றை என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. இரண்டு பதிவும் சேரும் ஒட்டு எங்கே விழுகிறது என்று தெரிய வேண்டும், ஆகவே அதை வெட்டக்கூடாது என்பது அவள் தொழிலில் விதியாம். அதனால் எடித்தின் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் என்னுடைய கடைசி சில நொடிகளையும் விட்டிருந்தாள். கள்ளிச்செடிக்குப் பதில், என் வாழ்நாள் கலைப்பணியிலிருந்து திரையேறியது நான் எழுந்து போவது மட்டும்.

முதல் தடவை, பெரணியின் பக்கத்தில் நின்று, "வேற ஒண்ணும் தோணல, வரேன்" என்றேன். அரங்கில் மரியாதையான அமைதி. படம் கிழிந்து எடித் வந்தார். செடிக்காரி ஜோக் வந்தபோது முன்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது, எங்கள் வரிசைக்கு அரை நிமிடம் கழித்து, திரையின் அடியில் மொழிபெயர்ப்பு எழுத்தில் வந்து சேர்ந்தது. இரண்டாவது தடவை வயலெட்டோடு என் முகம் தெரிந்ததுமே அங்கங்கே சிரிப்பு. நான் விடைபெற்றேன், கிழவர் வந்து நாய்களைக் கேட்டார். அவர் மகள் ஒவ்வொரு கேள்விக்கும் திரையைப் பார்த்துச் சத்தமாகப் பதில் சொன்னார். மூன்றாவது தடவை, ரப்பர் செடியைத் தோளில் தாங்கிக்கொண்டு "சரி, போதும்" என்றபோது கைதட்டினார்கள். நான் போகிறேன் என்பதற்குக் கைதட்டல். நாற்காலியில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன், என்ன இருந்தாலும் கைதட்டல் கைதட்டல்தான்.

நான்காவது தடவை நான் திரையில் தும்மலோடு வந்து, வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு வயதான அம்மா கிரீ மொழியில் குரல் கொடுத்தார். அந்தப் பக்கம் முழுக்க வெடித்துச் சிரித்தது. ராபர்ட்டாவின் வார்டுக்கு வருகிற அந்தப் பெண் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். சேதி தனக்கு என்று அவருக்குத் தெரியும்.

ராபர்ட்டா என் காதருகே குனிந்தார். "சீக்கிரம் கிளம்புன்னு சொல்றாங்க உங்கள."

கிளம்பினேன். எடித் வந்து அந்தப் பெண்ணின் பேரைச் சொன்னார்.